மவுண்ட் ஐசாவின் செவிலியர்கள்: புற்றுநோய் மருத்துவத்தில் காணொலி ஆலோசனை



இந்தச் சொற்பொழிவுக்கான அழைப்பிதழோடு, இதை நடத்தும் அறக்கட்டளையின் பத்திர நகலையும் எனக்கு அனுப்பியிருந்தார்கள். மருத்துவம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இதே நிபந்தனையை மருத்துவக் கல்லூரிகள் பேராசிரியர்களுக்கு விதித்திருந்தால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை போயிருக்கும். ஆகவே இன்று மரபணுவும் மூலக்கூறும் வரமாட்டா. ரயில் வரும், தொலைபேசி வரும், மருந்து கொடுக்கும் ஜன்னல் வரும்.

ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றிக்கொள்ளும் ஒருவர் அங்கிருந்து கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு ரயில், விடிந்தால் எழும்பூர், அங்கிருந்து பஸ். ஓ.பி. சீட்டு வாங்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை. ரிப்போர்ட் வரும்வரை மரத்தடி. பிற்பகலில் டாக்டர் கூப்பிடுகிறார். "சாப்பிட முடியுதா? வாந்தி இருக்கா? கவுண்ட் நல்லாத்தான் இருக்கு, நாளைக்கு மருந்து ஏத்திக்கலாம்." ஐந்து நிமிடம் முடிந்தது. ரயில்வே நல்ல மனதோடுதான் நடந்துகொள்கிறது. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். ஆனால் துணைக்குப் போகிறவரின் கூலியை ரயில்வே கொடுக்க முடியாது. வெள்ளையணு குறைந்த உடம்போடு கூட்டத்தில் நின்றதால் வரும் காய்ச்சலையும் அது தடுக்க முடியாது.

அந்த ஐந்து நிமிடப் பேச்சைத் தொலைபேசித் திரையில் பேசிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். பேசலாம். அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒருவர் ரத்தம் எடுத்தார், ஒருவர் எடை பார்த்தார், ஒருவர் கை நரம்பைத் தடவிப் பார்த்து "இந்தக் கையில இனி ஏத்த முடியாது" என்று சொன்னார். டாக்டரைத் திரைக்குள் அனுப்பிவிட்டோம். மற்ற வேலைகளை ராமநாதபுரத்தில் யார் செய்வது? இன்று நான் பேசப்போவது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

இதற்கு விடை கண்ட ஊர் ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடமேற்கில் மவுண்ட் ஐசா. செம்பும் ஈயமும் துத்தநாகமும் வெள்ளியும் தோண்டி எடுத்தே வளர்ந்த சுரங்க ஊர். அந்தப் பகுதிக்கான பெரிய புற்றுநோய் மருத்துவமனை கீழைக் கடற்கரையில், டவுன்ஸ்வில்லில் இருக்கிறது. நடுவே ஏறத்தாழ 900 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், மதுரைக்குத் திரும்பி வந்தால் எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அவ்வளவு. வழியில் டீக்கடை எதுவும் வரிசையாகக் காத்திருக்காது.

டவுன்ஸ்வில்லில் டாக்டர் சபே சபேசனும் அவருடைய குழுவினரும் 2007-இல் காணொலி வழியாக நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். பெயரைக் கேட்டதும் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. செய்தி இனிமேல்தான் வருகிறது. 2007 மே மாதம் முதல் 2011 மே மாதம் வரை 18 சிற்றூர்களைச் சேர்ந்த 158 பேரை 745 முறை இப்படிப் பார்த்தார்கள். அவர்களில் பத்துப் பேர் அவசர நிலையில் இருந்தவர்கள். பழைய வழக்கப்படி அவர்களைப் பெரிய மருத்துவமனைக்கு ஏற்றி அனுப்பியிருப்பார்கள். இப்போது உள்ளூரிலேயே சிகிச்சை தொடங்கியது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் 18 பேர் இருந்தார்கள். அவர்களோடு உறவினர்கள் பலரும் வந்து அறையில் உட்கார்ந்தார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊருக்கு அத்தனை பேரும் போயிருக்க முடியுமா? குடும்பமே கூடி முடிவெடுக்கும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

இதுவரை சொன்னது பேச்சு மட்டும். மவுண்ட் ஐசாவை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் அடுத்த படி. அங்குள்ள செவிலியர்களுக்குக் கீமோ மருந்து ஏற்றப் பயிற்சி கொடுத்தார்கள். மருந்தை எப்படிக் கையாள்வது, நரம்பை விட்டு வெளியே கசிந்தால் என்ன செய்வது, ஒவ்வாமை வந்தால் முதல் நிமிடத்தில் எதை நிறுத்துவது என்று எல்லாவற்றையும் எழுதிக் கையில் கொடுத்தார்கள். உள்ளூர் மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்றார். டவுன்ஸ்வில்லின் புற்றுநோய் மருத்துவர் திரையில் இருந்தார். நோயாளி தன் ஊர் நாற்காலியில் சாய்ந்து மருந்து ஏற்றிக்கொண்டு மாலையில் தன் வீட்டுக்குப் போனார்.

"சின்ன ஊரில் கீமோ கொடுத்தால் ஆபத்து இல்லையா?" மருத்துவர்கள் எழுப்ப வேண்டிய கேள்விதான், டவுன்ஸ்வில் குழுவினரும் எழுப்பினார்கள். ஐந்தாண்டுக் கணக்கை எடுத்து இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். மவுண்ட் ஐசாவில் 89 பேருக்கு 626 சுற்றுக் கீமோ, டவுன்ஸ்வில்லில் 117 பேருக்கு 799 சுற்று. திட்டமிட்ட அளவு மருந்து போய்ச் சேர்ந்ததிலும், கடுமையான பக்கவிளைவுகளிலும், மருத்துவமனையில் சேர நேர்ந்ததிலும் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிறகு இன்னும் சிறிய ஊர்களுக்குப் போனார்கள். அங்கே கீமோ பயிற்சி பெற்ற செவிலியரே கிடையாது. பொதுச் செவிலியர் ஒருவர் மருந்து ஏற்ற, பெரிய ஊரிலிருக்கும் கீமோ செவிலியர் திரையில் கூடவே இருந்து ஒவ்வொரு படியையும் சரிபார்க்கிறார். ஆபத்துக் குறைந்த மருந்துகளுக்கு மட்டும் இந்த ஏற்பாடு. டாக்டரை டாக்டரோடு இணைப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். செவிலியரைச் செவிலியரோடு இணைக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதே, இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

இப்போது கொஞ்சம் பணக்கணக்கு. 56 மாதங்களில் 147 நோயாளிகளை 605 முறை காணொலியில் பார்த்ததற்கு ஆன செலவு 4,42,276 ஆஸ்திரேலிய டாலர். அவர்கள் பயணம் செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு 7,62,394 டாலர். மிச்சம் 3,20,118. இந்தக் கணக்கைக் காட்டி இந்தியக் கூட்டங்களில் பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். குயின்ஸ்லாந்தில் தொலைவூர் நோயாளியும் துணைக்கு வருபவரும் பயணம் செய்ய அரசு பணம் தருகிறது. பயணம் குறைந்தால் மிச்சமாவது அரசுப் பணம். எனவே காணொலி அறை கட்டவும் செவிலியருக்குப் பயிற்சி தரவும் அந்த அரசுக்கு ஆர்வம் தானாகவே வந்தது. நம் ஊரில் பயணச் செலவு நோயாளியின் மடியிலிருந்து போகிறது. காணொலி வந்தால் செலவு அரசுக்கு, மிச்சம் ராமநாதபுரத்துக் குடும்பத்துக்கு. நிதித் துறையின் எந்தப் பேரேட்டிலும் அந்த மிச்சம் வரவாக ஏறாது. நம் நாட்டில் இந்தத் திட்டங்கள் திறப்பு விழாவோடு களைத்துப்போவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தொழில்நுட்பம் போதவில்லை என்பது சாக்கு.

சாக்கு என்று ஏன் சொல்கிறேன்? நமக்கு முன்னோடிகள் குறைவில்லை. நம் எல்லைக்குப் பக்கத்தில், ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில், 2000 மார்ச் 24 அன்று அமெரிக்க அதிபர் கிளிண்டன் ஒரு தொலைமருத்துவ நிலையத்தைத் தொடங்கி வைத்தார். மவுண்ட் ஐசாவுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே! பிறகு இஸ்ரோ செயற்கைக்கோள் இணைப்புகளைக் கொடுத்தது. 2019-இல் நடுவண் அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவை வந்தது. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், 2020 மார்ச் 25 அன்று, தொலைவழி மருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளும் வெளியாயின. அதுவரை தொலைபேசியில் மருந்து சொல்வது சட்டப்படி சரியா தவறா என்று தயங்கிக்கொண்டிருந்த மருத்துவர்களுக்கு அன்றுதான் தெளிவு கிடைத்தது.

அந்த ஊரடங்கு மாதங்கள் எப்படி இருந்தன என்பதை இங்கே அமர்ந்திருக்கும் செவிலிய மாணவியர் தெரிந்துகொள்ள வேண்டும். தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பைச் சேர்ந்த 41 மருத்துவமனைகளின் கணக்கு இது. 2019-இல் மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவு செய்தவர்கள் 1,12,270 பேர். 2020-இல் அதே மூன்று மாதங்களில் 51,760 பேர். பாதிக்கு மேல் காணோம். நோய் பாதியாகிவிடவில்லை, ஆட்கள் வர முடியவில்லை. மறுபார்வைக்கு வருவோரும் 46 சதவீதம் குறைந்தார்கள். அப்போதுதான் பல மருத்துவமனைகள் தொலைபேசியை எடுத்தன. பழைய நோயாளிகளுக்கு அது கைகொடுத்தது. புதிய நோயாளிக்குத் தொலைபேசி என்ன செய்யும்? கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் நோய்க்குப் பெயரே கிடைக்கும்.

இங்கே ஒரு பெரியவர் என்னிடம் கேட்டதைச் சொல்ல வேண்டும். அடுத்த முறை வீடியோவில் பேசிக்கொள்ளலாம் என்றேன். "அதுல எப்படிங்க ஐயா தொட்டுப் பாப்பீங்க?" என்றார். நியாயமான கேள்வி. மார்பகக் கட்டி, கழுத்து நெறி, வயிற்றில் வீங்கிய கல்லீரல், கருப்பை வாய், இவையெல்லாம் கைக்குத்தான் தெரியும். நாக்கின் அடிப்பகுதியை எந்தத் தொலைபேசி விளக்கும் காட்டாது. நேருக்கு நேர் பார்க்காமல் யாருக்கும் முதல் சிகிச்சையை முடிவு செய்யக்கூடாது என்பது என் கட்சி. ஆனால் என் தோழர்கள் இந்தக் காரணத்தையே காட்டி மொத்தமாக மறுக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நெரிசலான ஓ.பி.யில் மறுபார்வைக்கு வரும் எத்தனை பேரை நாம் தொட்டுப் பார்க்கிறோம் என்பது நமக்கே தெரியும்.

திரையிலும் பார்க்கத் தெரிந்தால் நிறையத் தெரியும். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் எப்போதும் நன்றாகத்தான் தெரிவார். "எழுந்து அடுப்படிவரை போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். எழுந்திருக்கக் கையை ஊன்றுகிறாரா, சுவரைப் பிடிக்கிறாரா, திரும்பி வந்ததும் மூச்சு வாங்குகிறதா? கீமோவைத் தாங்கும் தெம்பு இருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை என் ஆலோசனை அறையிலும் கிடையாது. கேப்சிட்டபின் மாத்திரை சாப்பிடுபவரின் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிவது காமிராவில் நன்றாகவே தெரியும்.

இனி மருந்து ஜன்னலுக்கு வருவோம். காணொலிக்கென்றே அமைந்த புற்றுநோய் ஒன்று உண்டென்றால் அது நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்களில் ஒன்றான சி.எம்.எல். இமாட்டினிப் என்ற மாத்திரை 2001-இல் வந்த பிறகு, முன்பு சில ஆண்டுகளே வாழ்ந்தவர்கள் இப்போது பேரன் பேத்தி எடுக்கிறார்கள். தினமும் மாத்திரை, சில மாதங்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான் சிகிச்சை. பரிசோதனையை உள்ளூரில் கொடுத்து, முடிவைத் திரையில் பார்த்து, "இதே அளவு சாப்பிடுங்க" என்று சொல்லிவிடலாம். சொன்ன பிறகு? இலவச மாத்திரை அதே நகரத்து மருத்துவமனையின் ஜன்னலில்தான் கிடைக்கும் என்றால் அவர் மறுபடி ரயில் ஏற வேண்டும். டாக்டரை மட்டும் காணொலிக்கு மாற்றிவிட்டு மருந்தை அங்கேயே வைத்திருந்தால், மிச்சமானது டாக்டரின் நேரமே தவிர நோயாளியின் பயணம் இல்லை. எந்தத் தொலைமருத்துவத் திட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "மாத்திரை எப்படிப் போகும்?"

அடுத்தது வீடு. இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. நான் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன்.

வீட்டுத் தொலைபேசிக்குக் காணொலி அழைப்புப் போகிறது. மகன் எடுக்கிறார். எழுந்து திண்ணைக்கு வந்து குரலைத் தாழ்த்துகிறார்.

"சார், அம்மாவுக்கு விஷயம் தெரியாது. வயித்துப்புண்ணுன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். நீங்க பாட்டுக்கு எதையும் சொல்லிடாதீங்க."

"சரி தம்பி. அம்மாகிட்ட கொடுங்க, ரெண்டு வார்த்தை பேசறேன்."

"தூங்கறாங்க சார். நான் சொல்லிக்கறேன்."

ஆலோசனை முடிந்தது. நோயாளியை டாக்டர் பார்க்கவே இல்லை. ஓ.பி.யில் இதற்கு எங்களிடம் பழைய உபாயம் ஒன்று உண்டு. "தம்பி, நீங்க போய் இந்த ரிப்போர்ட்டுல ஒரு சீல் வாங்கிட்டு வாங்க" என்று மகனை அனுப்பிவிட்டு அம்மாவிடம் பேசுவோம். பெரும்பாலும் அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தே இருக்கும். "பையன் வருத்தப்படுவான்னு தெரியாத மாதிரி இருக்கேங்க ஐயா" என்பார். திரையில் இந்த உபாயம் செல்லாது. தொலைபேசி யாருடையதோ அவர் கையில்தான் ஆலோசனை இருக்கிறது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் ஆண் கை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட பெண், ஊரில் சொல்வதுபோல் "கரண்டு வெச்சுக்கிட்ட" பெண், தனக்கு மறுபடி ரத்தம் படுகிறது என்பதை மகன் பிடித்திருக்கும் திரையைப் பார்த்து எப்படிச் சொல்வார்?

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான சிக்கல். முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 1,250 பேரை 22 மையங்களில் சேர்த்து, ஒரு பாதிப் பேருக்கு நேரிலும் மறுபாதிப் பேருக்குக் காணொலியிலும் வலி தணிப்பு, ஆதரவு மருத்துவம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2024-இல் வந்தது. நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தில் இரண்டும் சமம். காணொலி தாழ்ந்ததல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது. ஆனால் குடும்பத்தார் ஆலோசனையில் கலந்துகொண்டது நேரில் 49.7 சதவீதம், காணொலியில் 36.6 சதவீதம்தான். அங்கே திரை வந்ததும் குடும்பம் விலகுகிறது. இங்கே திரை வந்ததும் நோயாளி விலகிப்போகிறார். ஆகவே அங்கே வீட்டுக்கு அனுப்பிய காமிராவை நாம் அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நம் காணொலி அறை வட்ட மருத்துவமனையில், கதவைச் சாத்தக்கூடிய ஓர் அறையாக இருக்க வேண்டும். உள்ளே நோயாளியின் பக்கத்தில் ஒரு செவிலியர் உட்கார்ந்திருக்க வேண்டும். மகன் வெளியே பெஞ்சில் சற்று நேரம் இருக்கட்டும், பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்.

காமிராவே இல்லாமல் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈதன் பாஷ் என்ற மருத்துவர் கீமோ எடுத்துக்கொள்ளும் 766 பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒரு சாராருக்கு வழக்கமான கவனிப்பு. மறுசாரார் வலி, வாந்தி, மூச்சுத்திணறல், வயிற்றுப்போக்கு போன்ற வழக்கமான பன்னிரண்டு தொல்லைகள் எவ்வளவு இருக்கின்றன என்று இணையத்தில் குறித்து அனுப்ப வேண்டும். ஏதாவது ஒன்று கடுமையானால் செவிலியருக்குத் தகவல் போகும். அவர் உடனே தொலைபேசியில் கூப்பிடுவார், மருந்தை மாற்றச் சொல்வார், வரச் சொல்வார். 2017-இல் வெளியான முடிவைப் பார்த்து நாங்கள் எல்லோரும் திகைத்தோம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 26 மாதம், குறித்து அனுப்பியவர்களுக்கு 31.2 மாதம். ஐந்து மாதத்தைக் கூட்டித் தரும் புது மருந்து ஒன்று வந்தால் அதன் விலை லட்சங்களில் இருக்கும், அதற்கென்று ஐந்து நட்சத்திர ஓட்டலில் மாநாடு நடக்கும். இங்கே வேலை செய்தது ஒரு கேள்விப் பட்டியலும் அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்த செவிலியரும். மாநாடு நடத்த யாரும் முன்வரவில்லை.

மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தொலைமருத்துவம் ஒன்று உண்டு. நோயாளியின் கண்ணில் அது படாது. 2012-இல் உருவான தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பின் உறுப்பு மருத்துவமனைகள் சிக்கலான நோயாளிகளின் ஸ்கேனையும் பயாப்சியையும் இணையவழிக் கூட்டத்தில் வைத்து விவாதிக்கின்றன. மாவட்டத்து மருத்துவர் தன் நோயாளியை மும்பைக்கு அனுப்பாமலே மும்பை நிபுணர்களின் கருத்தைப் பெறுகிறார். இது நன்றாக நடக்கிறது. நன்றாக நடப்பதைப் பற்றி நீட்ட வேண்டாம்.

நன்றாக நடக்காத ஒன்றில் நிற்கிறேன். நோய் முற்றி, இனிச் சிகிச்சை பலிக்காது என்ற நிலையில் படுத்திருப்பவரைவிடக் காணொலி யாருக்கு அதிகம் தேவை? அவரால் பேருந்து ஏற முடியாது. எலும்பில் பரவிய வலி. அதற்கு மருந்து மார்ஃபின் மாத்திரை. 2020-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, போதைப்பொருள் சட்டத்தில் அடங்கிய மருந்துகளைத் தொலைவழி ஆலோசனையில் எழுதவே கூடாது. தடைசெய்த பட்டியலில் அவை இருக்கின்றன. மார்ஃபினும் அதில் அடக்கம். வலியைத் திரையில் பார்க்கலாம், பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம், ஆறுதல் சொல்லலாம். மருந்து மட்டும் எழுத முடியாது.

சட்டத்தின் அச்சம் எனக்குப் புரிகிறது. திரைவழியே யார் வேண்டுமானாலும் போதை மருந்து வாங்கலாம் என்ற கதவைத் திறந்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் வழி இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தை 2014-இல் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகளை இன்றியமையாதவை என்று வகைப்படுத்தினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் பல உரிமங்களுக்கு அலையாமல் அவற்றை இருப்பு வைத்துக்கொள்ளலாம். வட்ட மருத்துவமனைகள் அந்த அங்கீகாரத்தைப் பெற்று, அங்குள்ள மருத்துவர் ஒருவர் பயிற்சி பெற்றிருந்தால், நகரத்து நிபுணர் திரையில் ஆலோசனை சொல்ல, நோயாளியை நேரில் பார்க்கும் உள்ளூர் மருத்துவர் மாத்திரையை எழுதலாம். சட்டத்தின் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புக் கவனிப்பும் உண்டு. செவிலியர் வீட்டுக்கே போகிறார். அவர் வாசலில் நிற்கிறார், நிபுணர் திரையில் இருக்கிறார், மாத்திரை மட்டும் எங்கோ பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அந்தச் சாவியைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவாருங்கள் என்பதே என் விண்ணப்பம்.

முடிக்கும் முன் காய்ச்சல் பற்றி ஒரு வார்த்தை. கீமோ ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளையணு மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது அவசரநிலை. ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் போக வேண்டும். ஊரில் என்ன நடக்கிறது? "கீமோ போட்டா காச்சல் வரத்தான் செய்யும்" என்று பக்கத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். விடியும்போது ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. பிரிட்டனில் கீமோ எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவர் கையிலும் 24 மணி நேரமும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் இருக்கும். எடுக்கும் செவிலியரின் முன்னால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்த ஒரு தாள் இருக்கும். சிவப்பு என்றால் உடனே வா, மஞ்சள் என்றால் ஒரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும், பச்சை என்றால் வீட்டிலேயே இருந்து கவனி. இணையம் வேண்டாம், காமிரா வேண்டாம், செயலி வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குத் தொலைபேசியை எடுக்கும் ஆள் வேண்டும். தொலைவழி மருத்துவத்தில் உயிரை நேரடியாகக் காப்பாற்றும் பகுதி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் அரசு அலுவலர்களிடம் என் வேண்டுகோள்: அடுத்த முறை திரை வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரும் முன், அந்தத் திரைக்கு முன்னால் நோயாளியின் பக்கத்தில் உட்காரப் போகிறவரின் பணியிடத்துக்கு ஆணை போட்டுவிடுங்கள். புற்றுநோய் மருத்துவமனைகளை நடத்துகிறவர்களிடம்: உங்கள் நோயாளியின் கோப்பு அட்டையில் மருத்துவமனையின் வண்ணப்படத்துக்குப் பதிலாக, இரவிலும் எடுக்கும் ஓர் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். மாணவியரிடம்: கீமோ பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள், பயிற்சி முடித்தவர்கள் எல்லோரும் சென்னையிலேயே தங்கிவிடவும் செய்யாதீர்கள். அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம்: என்னைப் போன்ற ஒருவருக்குப் பொன்னாடையும் பயணப்படியும் கொடுக்கும் தொகையை ஒரே ஓர் ஆண்டு, மாவட்ட மருத்துவமனைச் செவிலியர் ஒருவரைக் கீமோ பயிற்சிக்கு அனுப்பச் செலவிட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு சொற்பொழிவு இல்லாமல் போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.